டப்பாவில் போட்டிருக்கும் 7,000 எம்பியை நம்பி செஃப் கிளஸ்டர் கட்டாதீர்கள்

மாதக் கடைசி, இரவு ஏழரை மணிக்கு கரூரிலிருந்து அழைப்பு. ஜவுளி ஏற்றுமதி நிறுவனம். கணக்கு முடிக்க வேண்டிய நேரத்தில் ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. "அண்ணா, புது சர்வர் வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. பழைய ஒத்தை சர்வரே இதைவிட வேகமா ஓடுச்சு" என்று அங்கே ஐடி பார்க்கும் தம்பி கிட்டத்தட்ட அழுதேவிட்டார். இந்த வருடத்தில் இதே கதையை நான் கேட்பது நாலாவது முறை. நாலு இடத்திலும் தவறு ஒன்றுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் சர்வர்களை (விஎம்) ஓட்டும் மென்பொருள் விற்கும் விஎம்வேர், 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தினார்கள். அதிலிருந்து நம் பக்கத்துச் சின்ன நிறுவனங்கள் பலவும் அதே வேலையை இலவசமாகச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸுக்கு வருகின்றன. நல்ல விஷயம். மூன்று சர்வர் சேர்ந்த கிளஸ்டர், நடுவில் எல்லா டிஸ்க்கையும் ஒன்றாக்கி டேட்டாவை மூன்றிலும் பிரதி வைக்கும் செஃப் என்ற மென்பொருள், ஒரு சர்வர் போனாலும் விஎம்கள் அடுத்ததில் எழுந்துகொள்ளும். மென்பொருளுக்குச் செலவில்லை என்பதால் மிச்சப் பணம் முழுவதும் ப்ராசசருக்கும் ரேமுக்கும் போகிறது. டிஸ்க் வாங்கும்போது மட்டும் எல்லோருக்கும் கை சுருங்கிவிடுகிறது.

கரூரிலும் அப்படித்தான். ஒவ்வொரு நோடிலும், அதாவது ஒவ்வொரு சர்வரிலும், இரண்டு ப்ராசசர், 256 ஜிபி ரேம். டிஸ்க் மட்டும் கேமிங் கம்ப்யூட்டருக்குப் போடுகிற 4 டிபி என்விஎம்இ (வேகமான இணைப்பு கொண்ட எஸ்எஸ்டி), நோடுக்கு இரண்டு. நான் போய்ப் பார்த்தபோது ப்ராசசர் பயன்பாடு 6 சதவீதம்கூட இல்லை. முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டு, "சார், இன்னும் ரேம் போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார். ஆகாது சார்.

"எஸ்எஸ்டின்னா எல்லாம் ஒண்ணுதானே, டப்பாவில் 7,000 எம்பின்னு போட்டிருக்கே" என்கிறார்கள். இந்த நம்பிக்கையை உடைக்காமல் நான் அடுத்த பத்திக்குப் போகப் போவதில்லை. அந்த 7,000 எம்பி என்பது பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது ஒரு நொடிக்குக் கிடைக்கும் வேகம். உங்கள் டேட்டாபேஸ் அப்படியா வேலை செய்கிறது? ஒரு பில் போட்டதும் சின்னத் துண்டு ஒன்றை எழுதி, "இது நிஜமாகவே டிஸ்க்கில் உட்கார்ந்துவிட்டதா? சொன்னால்தான் அடுத்த வேலை" என்று காத்திருக்கிறது. செஃப் அந்தத் துண்டை மூன்று நோடிலும் எழுதச் சொல்லி, மூன்றும் "ஆச்சு" என்று சொன்ன பிறகே விஎம்முக்குப் பதில் தருகிறது. அதாவது, மூன்றில் எது மெதுவோ அதன் வேகம்தான் உங்கள் வேகம்.

சர்வருக்கென்றே செய்த எஸ்எஸ்டியில் குட்டிக் குட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கிற தற்காலிக மெமரியைச் சிப்பில் எழுதி முடிக்கும் அளவுக்கு அவற்றில் சார்ஜ் நிற்கும். அந்தத் தைரியத்தில், துண்டு மெமரிக்கு வந்ததுமே அது "ஆச்சு" என்று சொல்லிவிடலாம். வீட்டு எஸ்எஸ்டியில் அது கிடையாது. ஒவ்வொரு முறையும் சிப் வரை எழுதி முடித்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

உடனே "எங்ககிட்டதான் யூபிஎஸ் இருக்கே" என்பார்கள். இருக்கட்டும். உங்கள் அறையில் யூபிஎஸ் இருப்பது டிஸ்க்குக்கு எப்படித் தெரியும்? அதனிடம் கெபாசிட்டர் இல்லை, ஆகவே அது காத்திருக்க வைக்கிறது. ஜெனரேட்டரே வைத்திருந்தாலும் இதில் ஒரு மாற்றமும் இல்லை.

நம்பாதவர்களுக்காக எஃப்ஐஓ என்ற டிஸ்க் வேகம் அளக்கும் கருவியை ஓட்டிக் காட்டுவேன். 4 கேபி துண்டு, வரிசையில் ஒன்றே ஒன்று, ஒவ்வொன்றும் எழுதி உறுதியாக வேண்டும். கரூர் டிஸ்க் நொடிக்கு 400 துண்டுகளைத் தொடவில்லை. என் பையில் வைத்திருக்கும் பழைய சர்வர் எஸ்எஸ்டி, அதுவும் என்விஎம்இயைவிட மெதுவான சாட்டா இணைப்பு, அதே இயந்திரத்தில் 17 ஆயிரத்தைத் தாண்டியது. அந்தத் தம்பி திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு, "அண்ணா, இது செகண்ட்ஸ் டிஸ்க்கா?" என்று கேட்டார். ஆமாம், செகண்ட்ஸ்தான். புதிய சர்வர் எஸ்எஸ்டிக்குப் பணம் இல்லையென்றால், தேய்மானம் பார்த்து வாங்கிய பழைய சர்வர் எஸ்எஸ்டி போதும். புத்தம் புதிய வீட்டு டிஸ்க் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

எழுத எழுத எஸ்எஸ்டி தேயும், அந்தத் தேய்மானம் வேறு இருக்கிறது. பிராக்ஸ்மாக்ஸில் டிஸ்க் பட்டியலைத் திறந்தால் வேரவுட் என்று ஒரு பத்தி வரும். டிஸ்க் எவ்வளவு தேய்ந்தது என்று அது காட்டும். கரூரில் ஆறே மாதத்தில் 22 சதவீதம். தினம் ஒரு முறை முழு டிஸ்க்கையும் எழுதினாலும் 5 வருடம் தாங்கும் என்று உத்தரவாதம் உள்ளதை வாங்குங்கள்.

இடக் கணக்கு அடுத்த அதிர்ச்சி. ஆறு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டிபி, ஆக 24 டிபி என்று நினைத்திருந்தார் முதலாளி. மூன்று பிரதி என்பதால் அது 8 டிபி. அதையும் நிரப்ப முடியாது. நோடில் ஒரு டிஸ்க் செத்தால் 10 நிமிடம் பொறுத்துவிட்டு, அதிலிருந்த டேட்டாவை செஃப் அதே நோடில் மிச்சமிருக்கும் டிஸ்க்கில் கட்டத் தொடங்கும். மூன்றே நோடு இருக்கும்போது வேறு இடம் கிடையாது. 85 சதவீதத்தில் எச்சரிக்கை வரும், 90-இல் கட்டுவது நிற்கும், 95-ஐத் தொட்டால் எழுதுவதே நின்றுபோகும், எல்லா விஎம்மும் உறையும். ஆக, நோடுக்கு இரண்டு டிஸ்க் என்றால், இரண்டின் டேட்டாவும் ஒன்றிலேயே 85 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும், பத்திரமாக நிரப்பக்கூடியது ஏறத்தாழ 42 சதவீதம்தான். 24 டிபி வாங்கிவிட்டு 3.4 டிபி! அதே 24-ஐ நோடுக்கு நாலு 2 டிபி டிஸ்க்காக வாங்கியிருந்தால் 5.1 டிபி கிடைத்திருக்கும்.

இடம் போதவில்லை என்று பிரதியை 2 ஆக்கி, எழுதுவதற்கு உயிரோடு இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பிரதியை 1 ஆக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஒரே பிரதியில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த டிஸ்க்கும் போனால் மீட்க ஒன்றும் இருக்காது. பிரதி 3, குறைந்தபட்சம் 2 என்று செஃப்பில் வந்ததை அப்படியே விடுங்கள்.

நெட்வொர்க்கில் 1 ஜிபிபிஎஸ் போதாது. அதில் நொடிக்கு 115 எம்பி போனாலே பெரிது, 4 டிபியைத் திரும்பக் கட்ட ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். குறைந்தது 10 வேண்டும். ஸ்விட்ச் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூன்று நோடுதானே, இரண்டு போர்ட் உள்ள 25 ஜிபிபிஎஸ் கார்டு போட்டு ஒன்றுக்கொன்று நேராகவே கேபிள் இழுத்துவிடலாம். நோடுகள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் கோரோசிங்குக்கு மட்டும் தனி 1 ஜிபிபிஎஸ் வயர் கொடுங்கள். டிஸ்க் போக்குவரத்தில் அது மூச்சுத் திணறினால் நோடுகள் தாமாகவே ரீபூட் ஆகும். டிஸ்க்குகளைத் தானே ஒன்றாக்கும் ரெய்டு கார்டு வேண்டாம், ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே காட்டும் எச்பிஏ கார்டு போதும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 4 ஜிபி ரேமைத் தனியாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விஎம்களுக்குப் பிரியுங்கள். அப்புறம், மூன்று பிரதி பேக்கப் ஆகாது. ஒருவர் தவறிப்போய் விஎம்மை அழித்தால் மூன்று இடத்திலும் சேர்ந்தே அழியும்.

எல்லோருக்கும் செஃப் வேண்டும் என்பதும் இல்லை. ஐந்தாறு விஎம், 15 நிமிட டேட்டா போனால் சமாளிக்கலாம் என்றால், இரண்டு சர்வரில் ஸெட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் (ஒன்றிலிருந்து மற்றதற்கு அவ்வப்போது டேட்டாவை நகலெடுப்பது) வைத்து, எது உயிரோடு இருக்கிறது என்று முடிவுசெய்யும் ஓட்டுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி போதும். இதைச் சொன்னால் விற்பனைக்காரர்களுக்குப் பிடிக்காது.

கரூரில் நல்லவேளையாக சாட்டா டிஸ்க் சொருகும் இடங்கள் காலியாக இருந்தன. புதிய டிஸ்க்கை முதலில் சேர்த்து, எல்லாம் பச்சை ஆனபின் பழையதை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். நாலு இரவுகள். ஐந்தாம் நாள் காலை ஈஆர்பி மூன்று விநாடியில் திறந்தது, ரேமில் ஒரு ஜிபிகூடக் கூட்டவில்லை.

கோட்டேஷனில் "4 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி" என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். முழு மாடல் எண் கேளுங்கள். அதைத் தேடி, மின்தடைப் பாதுகாப்பு உண்டா என்று தயாரிப்பாளரின் விவரத்தாளிலேயே பாருங்கள். போர்டிலேயே சொருகும் எம்.2 வகை என்றால் அத்தகையவை பெரும்பாலும் 110 மிமீ நீளம் இருக்கும். உங்கள் போர்டில் இருப்பது 80 மிமீ இடம்தானா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.