கராத்தே: வெறுங்கையா, சீனக்கையா?

கராத்தே பற்றித் தமிழில் வரும் அறிமுகக் கட்டுரைகளில் ஒரு விளக்கம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: ‘கரா என்றால் வெறுமை, தே என்றால் கை, ஆயுதம் மறுக்கப்பட்ட ஓகினாவா உழவர்கள் வெறுங்கையால் போரிட்டதால் இப்பெயர் வந்தது.’ முதல் பாதி இன்றைய எழுத்துமுறைக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் பாதி தவறு.

‘தே’ என்பது கை. அதில் ஐயமில்லை. ‘கரா’ என்ற ஒலிக்கு ஜப்பானியத்தில் வெவ்வேறு சீன எழுத்துகள் உண்டு. ஒன்று தாங் அரசமரபையும் அதன்வழிச் சீனாவையும் குறிப்பது. மற்றொன்று வெறுமையைக் குறிப்பது. கராத்தே பிறந்த, இன்று ஜப்பானின் தெற்கே உள்ள ஓகினாவாத் தீவில் முதலில் வழங்கியது சீனாவைக் குறிக்கும் எழுத்தே. அதைத் ‘தோதீ’ என்று படித்தார்கள். சகுகாவா என்ற பழைய ஆசானை ‘தோதீ சகுகாவா’ என்றே அழைத்தனர். ஓகினாவா ஆசான் ஹனாஷிரோ சோமோ 1905இல் வெறுமை எழுத்தைக் கையாண்டார். ஆயினும், கராத்தேயை ஜப்பானின் பிற பகுதிகளில் பரப்பிய ஓகினாவா ஆசான் ஃபுனகோஷி கிச்சின் 1922இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் சீன எழுத்துதான் இருந்தது. 1935ஆம் ஆண்டு நூலில்தான் அவர் வெறுமைக்கு மாறினார். 1936 அக்டோபரில் ஓகினாவாவின் நாஹா நகரில் கூடிய ஆசான்களும் அந்த மாற்றத்தை ஏற்றனர். ஜப்பானில் சீன எதிர்ப்பு மூண்டிருந்த, அடுத்த ஆண்டே பெரும்போர் வெடித்த காலம் அது.

ஆகவே, ‘வெறுங்கை’யைப் பெயரின் பிறப்புக்குக் காரணமாகக் காட்டுவது, பிற்காலத்தில் சூட்டிய பொருளை முற்காலத்தின் மேல் ஏற்றுவதாகும். உழவர் கதையும் நிலைக்காது. முன்பு ஓகினாவாவை ஆண்ட ரியூக்கியூ அரசர்களிடம் பணியாற்றிய மட்சுமுரா சோகோனைப் போன்ற உயர்குடியினரே இக்கலையின் முன்னோடிகளாக அறியப்படுகிறார்கள். சீனத் தொடர்போ கலைக்குள்ளேயே பதிந்திருக்கிறது. ஓகினாவா ஆசான் ஹிகாவோன்னா கான்ரியோ சீனாவின் ஃபூஜியான் மாநிலத்து ஃபூச்சோ நகரில் பயின்று நாஹாவுக்குத் திரும்பினார். ஓகினாவாவைச் சேர்ந்த உவேச்சி கான்புன் 1897இல் அதே ஃபூஜியான் மாநிலத்துக்குச் சென்றார். இவ்விருவர் மரபிலும் அடித்தளமான ‘சான்ச்சின்’ என்ற பயிற்சி வடிவம் ஃபூஜியான் தற்காப்புக் கலைகளில் இன்றும் காணப்படுகிறது. நாஹா மரபின் ‘சூபாரின்பே’ வடிவத்தின் பெயர் 108 என்ற எண்ணைச் சீன உச்சரிப்பின் சாயலில் சொல்வது. பெயர்களிலேயே ஊர் தெரியும் ஒரு கலையை எதுவுமில்லாத கைகளில் முளைத்ததாக எழுதுவது வருந்தத்தக்கது.

தமிழாக்கமாகப் பார்த்தாலும் ‘வெறுங்கை’ எனக்கு நிறைவளிக்கவில்லை. ‘வெறுங்கை முழம் போடுமா?’ என்று கேட்கும் மொழியில் அச்சொல் முதலில் இல்லாமையையே உணர்த்துகிறது. ஃபுனகோஷியோ ஆயுதமின்மையோடு, தன்னலமும் தீய எண்ணமும் நீங்கிய மனத்தையும் அவ்வெழுத்தில் கண்டார். அந்த இரண்டாம் பொருள் ‘வெறுங்கை’க்குள் வரவே இல்லை.

தூய தமிழ் வேண்டுவோர் சிலர் ‘குத்துவரிசை’ என்று மாற்றுகிறார்கள். இதை நான் இன்னும் கடுமையாக மறுக்கிறேன். குத்துவரிசை நம்மிடம் தனிக் கலையாக, தனக்கென அடிமுறைகளோடு வாழ்கிறது. அதன் பெயரை வேறொரு கலைக்குக் கொடுத்தால் இரண்டுமே மங்கும். கராத்தே இங்கிருந்துதான் போனது என்ற, சான்று காட்டப்படாத கூற்றுக்கும் அந்தப் பெயரே சாட்சியாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் தமிழ்ச்சொல் தேடும் ஆர்வத்தில் பிறர் வரலாற்றை அழிக்கக் கூடாது. இன்று பல கட்டுரைகளில் ஜூடோ, குங்ஃபூ, கராத்தே எல்லாமே ‘மல்யுத்தம்’ என்றோ ‘குத்துச்சண்டை’ என்றோ ஒரே மூட்டையாகக் கட்டப்படுவதும் இந்த அக்கறையின்மையால்தான்.

கலையின் பெயராகக் ‘கராத்தே’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். தமிழ் நாவில் அது நன்றாகப் பதிந்துவிட்டது. சொற்பொருள் கூறும் இடத்தில், பழைய எழுத்துக்குச் ‘சீனக்கை’ என்றும் 1930களில் நிலைபெற்ற எழுத்துக்கு ‘வெறுங்கை’ என்றும் காலத்தோடு சேர்த்து எழுத வேண்டும். ‘கராத்தே-தோ’ என்ற முழுப்பெயரில் வரும் ‘தோ’வுக்கு ‘நெறி’ என்ற சொல், பாதையையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே தாங்குவதால், நன்கு பொருந்துகிறது.