காதுக்குள் ஒரு சாவித் துளை

ஜெப்பெட்டோ என்ற கிழத் தச்சரின் முகத்தில் சோகம் வர வேண்டுமென்றால், யாராவது அவர் தலைக்குள் ஒரு சின்னச் சாவியை விட்டுத் திருக வேண்டும். புருவத்தின் உள்முனை ஒரு மயிரிழை மேலே ஏறும். ஒரு படம் எடுப்பார்கள். இன்னும் கொஞ்சம் திருகுவார்கள். இன்னொரு படம். வெகுநேரம் இப்படிப் போனால், திரையில் ஒரு விநாடிக்குக் கிழவர் கலங்குவார்.

ஜெப்பெட்டோ ஒரு சினிமாப் பொம்மை. அவரும் அவரோடு நடித்த பொம்மைகளும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 2022 டிசம்பர் 11 முதல் 2023 ஏப்ரல் 15 வரை காட்சிக்கு இருந்தன. கியெர்மோ டெல் டோரோவும் மார்க் கஸ்டாஃப்சனும் இயக்கிய 'பினோக்கியோ', பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்துக் கோக்கும் ஸ்டாப் மோஷன் படம்; அது எப்படி உருவானது என்பதுதான் கண்காட்சியின் பொருள். படம் நெட்ஃபிளிக்ஸில் வந்த இரண்டாம் நாளே கண்காட்சி தொடங்கியது; அது நடந்துகொண்டிருந்தபோதே படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது. படப்பிடிப்புக்குப் பயன்பட்ட அரங்குகள், பொம்மைகள், அச்சு வார்ப்புகள், எலும்புக்கூடுகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். படம் 117 நிமிடம். விநாடிக்கு 24 ஃபிரேம் என்று பெருக்கினால் ஏறக்குறைய 1,68,000 ஃபிரேம். ஒரே தோரணையை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவைத்துப் பாதி வேலையை மிச்சம் பிடிப்பதும் இந்தத் தொழிலில் வழக்கம்தான். பாதியே என்றாலும் எண்பதாயிரத்துக்கு மேல்.

சரி, அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது?

வெளியே சிலிக்கோன் தோல். உள்ளே, பழைய கைக்கடிகாரத்தைத் திறந்தது போலப் பல்சக்கரங்களும் நெம்புகோல்களும். இந்த வகைத் தலைகளில் காதுத் துளைக்குள்ளோ தலைமுடிக்கு அடியிலோ ஆலன் கீ என்ற அறுகோணச் சாவி நுழையும் இடம் ஒளிந்திருக்கும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ஆல்ட்ரிஞ்சத்தில் இருக்கும் மெக்கின்னன் அண்ட் சாண்டர்ஸ் பட்டறை இதில் பேர்போனது. 2005இல் வந்த 'கார்ப்ஸ் பிரைட்' படத்திலேயே இத்தகைய தலைகளைச் செய்து கொடுத்தவர்கள் அவர்கள்.

விரலாலேயே தோலைத் தள்ளிவிட்டால் போதாதா என்று தோன்றும். இரண்டு காரணங்களால் போதாது. ஒன்று, விரலால் கால் மில்லிமீட்டர் நகர்த்த முடியாது. திருகை ஒரு முழுச்சுற்று சுற்றினாலும் முனை கொஞ்சம்தான் நகரும் என்பதால், கையின் பெரிய அசைவு முகத்தின் சின்ன அசைவாகச் சுருங்குகிறது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த காரணம். சிலிக்கோன் ரப்பர் போன்றது. இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். ஆனால் திருகு பின்னோக்கிச் சுற்றாது. கார் ஜாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்: கைப்பிடியைச் சுற்றினால் கார் மேலே ஏறுகிறது, ஆனால் காரின் எடை கைப்பிடியைத் திருப்பிச் சுற்றுவதில்லை. திருகின் சரிவு மிகக் குறைவு, அதில் உள்ள உராய்வு அதிகம், அதனால் அது தானே பூட்டிக்கொள்கிறது. ஜெப்பெட்டோவின் சோகம், படம் எடுப்பவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தாலும் அதே அளவில் நிற்பது இந்த உராய்வின் தயவில்தான்.

முகத்தை அசைக்க இன்னொரு வழியும் உண்டு. முகத்தையே கழற்றிவிட்டு வேறு முகம் மாட்டுவது. 1993இல் வந்த 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தின் நாயகன் ஜாக்குக்கு ஏறக்குறைய 400 தலைகள் இருந்தன. ஒவ்வொரு எழுத்தின் ஒலிக்கும் ஒரு வாய், ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு கண். அமெரிக்காவின் லைக்கா ஸ்டுடியோ 2009இல் 'கோரலைன்' படத்துக்கு முகங்களைக் கணினியில் வடித்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சடித்தது. முகத்தை நெற்றித் துண்டு, வாய்த் துண்டு என இரண்டாக வெட்டியதில் எண்கள் எகிறின: 100 நெற்றியும் 200 வாயும் இருந்தால் கையில் இருப்பவை 300 துண்டுகள்தான், கிடைக்கும் முகங்களோ 20,000. இரண்டு துண்டும் சேரும் கோடு கண்ணுக்குக் குறுக்கே ஓடும்; அதைப் பிறகு கணினியில் அழித்துவிடுவார்கள். 2012இல் வந்த 'பாராநார்மன்' படத்தில் நாயகனுக்கு மட்டும் 8,800 முகங்கள், வண்ணத்தோடே அச்சடித்தவை.

பினோக்கியோ படக்குழு இரண்டு வழியையும் எடுத்துக்கொண்டது. மனிதர்களுக்குத் தோல் இழுபடும் இயந்திரத் தலை. மரப்பையன் பினோக்கியோவுக்கு மட்டும் கழற்றி மாட்டும் கெட்டி முகம். மரம் இழுபடாது அல்லவா? படம் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தை நாம் கவனிப்பதில்லை, ஆனாலும் அவன் மற்றவர்களைப் போல இல்லை என்று மட்டும் தெரிகிறது. அது வெறும் வண்ணப்பூச்சால் வந்த வேலையில்லை.

கழுத்துக்குக் கீழே போவோம். உள்ளே உலோக எலும்புக்கூடு, ஆர்மேச்சர் என்பார்கள். நம் தோளிலும் இடுப்பிலும் இருக்கும் அதே பந்து கிண்ண மூட்டுதான். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு திருகு. அதை இறுக்கித் தளர்த்தி உராய்வைச் சரிசெய்வதே ஒரு கலை. தளர்வாக இருந்தால் நீட்டிய கை மெல்லத் தொங்கிவிடும். இறுக்கமாக இருந்தால், முழங்கையை மடக்கப் போய்த் தோளும் சேர்ந்து திரும்பிவிடும். உடலின் பாரம் முழுக்கத் தாங்குவதால் கணுக்கால் மற்ற மூட்டுகளைவிட இறுக்கமாக வேண்டும். பாதத்தில் மரையிட்ட துளை இருக்கும். மேடைக்கு அடியிலிருந்து போல்ட் ஏற்றிப் பொம்மையைத் தரையோடு பிணைப்பார்கள். பொம்மை ஓர் அடி எடுத்து வைத்தால், மனிதர் மேடைக்கு அடியில் ஒரு முறை குனிய வேண்டும்.

காசு குறைவென்றால் அலுமினியக் கம்பியிலும் எலும்பு செய்யலாம். ஆனால் ஜெம் கிளிப்பை இருபது முறை மடக்கி நிமிர்த்திப் பாருங்கள், பட்டென்று ஒடியும். உலோகச் சோர்வு. கம்பிப் பொம்மைகள் ஒடிவது எப்போதும் காட்சியின் நட்ட நடுவில்தான் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு எழுதுவதற்குமுன் நானும் ஒரு முறை முயன்று பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் ஓர் எலுமிச்சம்பழம், புத்தக அடுக்கின்மேல் கைபேசி. பழத்தை ஒவ்வொரு முறையும் அளவுகோல் வைத்து சரியாக ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி 84 படம் எடுத்தேன். விநாடிக்கு 12 என்ற கணக்கில் ஏழு விநாடிப் படம். அக்கா மகள் பார்த்துவிட்டு, "மாமா, இது உருளவே இல்லையே, யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு மணி நேர உழைப்பு. ஆனால் அவள் சொன்னது சரி.

படங்கள் விழித்திரையில் சற்று நேரம் தங்கிவிடுகின்றன, அதனால்தான் சினிமா ஓடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த விளக்கம் போதாது. தங்குவது மட்டும்தான் நடக்கிறது என்றால், அடுத்தடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று அப்பிக் குழம்பியிருக்கும், அசைவு வந்திருக்காது. 1912இல் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் இரண்டு கோடுகளை மாறி மாறிக் காட்டி ஆராய்ந்தார். இடைவெளி சரியாக அமைந்தால், இரண்டு கோடுகள் தெரிவதில்லை. ஒரே கோடு இங்கிருந்து அங்கே போவது தெரிகிறது. இல்லாத பயணத்தை மூளையே போட்டு நிரப்புகிறது. தூரம் அதிகமானால் நிரப்ப மறுத்துவிடும். பொருள் தத்தித் தத்தித் தாவும். ஆக, ஸ்டாப் மோஷன்காரர் உண்மையில் கையாள்வது பொம்மையை அல்ல, இரண்டு தோரணைகளுக்கு நடுவில் இருக்கும் வெறும் இடத்தை. அதைத்தான் எந்த அருங்காட்சியகத்தாலும் மேசையில் வைத்துக் காட்ட முடியாது.

அந்த இடத்தின் அளவை இயற்பியல் சொல்கிறது. ஒரு பொருள் கீழே விழும்போது, சம நேரங்களில் அது கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும். கலிலியோ கண்ட கணக்கு. நிஜ உலகில் முதல் 24இல் ஒரு பங்கு விநாடியில் 8.5 மில்லிமீட்டர் விழும், அடுத்ததில் 25.5, அதற்கடுத்து 42.5. பொம்மை மனிதனில் ஆறில் ஒரு பங்கு உயரம் என்றால் இவற்றையும் ஆறால் வகுக்க வேண்டும்: 1.4, 4.3, 7.1 மில்லிமீட்டர். வகுக்காமல் நிஜ அளவையே நகர்த்தினால், என்ன ஆகும்? ஒரு சாண் உயரப் பொம்மை ஒரு சாண் உயரப் பொம்மையாகவே விழும். அந்த வேகம் நம் கண்ணுக்குப் பழக்கம். இது சின்னது, இலேசானது என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதே கையளவுப் பொம்மையை முப்பதடி அரக்கனாகக் காட்ட இடைவெளியை இன்னும் சுருக்கினால் போதும். மெதுவாக விழுவது கனமானது என்று மூளை தானே முடிவுகட்டிக்கொள்ளும்.

இந்தக் கணக்கைக் கையிலேயே வைத்திருந்தவர் ரே ஹாரிஹவுசன் என்ற அமெரிக்க ஸ்டாப் மோஷன் கலைஞர். 1963இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதர்களோடு வாள் சண்டை போடும். தலை, இரண்டு கை, இரண்டு கால் என்று எலும்புக்கூடு ஒன்றுக்கு ஐந்து உறுப்பு, ஏழுக்கு முப்பத்தைந்து. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அத்தனையையும் நகர்த்த வேண்டும். எது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் முடிந்தது கதை. நாளுக்குச் சராசரியாக 13 ஃபிரேம், அதாவது அரை விநாடிக்குச் சற்று மேல். சில நிமிடச் சண்டைக்கு நாலரை மாதம் ஆனது. உதவியாளர் யாருமில்லை, தனி ஆள்.

இப்போது டிராகன்ஃபிரேம் போன்ற மென்பொருள் முந்தைய ஃபிரேமைத் திரையில் நிழலாகக் காட்டிவிடுகிறது. அந்தக் காலத்தில், லேத் பட்டறைக்காரர்கள் சர்ஃபேஸ் கேஜ் என்று சொல்லும் கருவிதான் துணை. கனத்த இரும்புப் பீடத்தில் நிற்கும் ஊசி அது; அதன் முனையைப் பொம்மையின் மூக்கில் தொடும்படி வைத்துவிட்டு, மூக்கை நகர்த்தி, ஊசிக்கும் மூக்குக்கும் நடுவில் எவ்வளவு என்று பார்ப்பார்கள். படம் எடுக்கும்முன் ஊசியை அகற்ற மறந்தால் திரையில் அது ஒரு ஃபிரேம் மின்னிவிட்டுப் போகும்.

எவ்வளவு துல்லியமாக நகர்த்தினாலும் ஒரு குறை மிஞ்சும். நிஜ நடிகர் கை வீசினால் அந்த ஃபிரேமில் கை கலங்கலாகப் பதியும். பொம்மையோ ஒவ்வொரு ஃபிரேமிலும் அசையாமல் நின்று படமெடுத்துக்கொள்வதால் எல்லாமே கூர்மையாக இருக்கும். வேகமான அசைவுகள் வெட்டி வெட்டித் தெரிவதன் காரணம் இதுதான். 1981இல் 'டிராகன்ஸ்லேயர்' படத்துக்காக, கேமரா கண் திறந்திருக்கும்போதே மோட்டார்கள் பொம்மையைச் சற்று அசைக்கும்படி செய்து கலங்கலைக் கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் பலருக்கு அந்த வெட்டலே பிடிக்கும் என்பது வேறு விஷயம்; நானும் அந்தக் கட்சி.

வெளிச்சமும் சும்மா விடாது. என் எலுமிச்சம்பழப் படம் குழல்விளக்கு கெட்டுப்போன மாதிரி விட்டு விட்டு மினுங்கியது. சன்னலுக்கு வெளியே மேகங்கள் போய் வந்ததுதான் காரணம். ஸ்டுடியோக்களில் சன்னலே இருக்காது. பொம்மைக்கு அருகில் வேலை செய்பவர்கள் கறுப்பு உடை உடுத்துவார்கள். வெள்ளைச் சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளி, ஆள் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும்.

விரல்தடம் இன்னொரு தொல்லை. 1933இல் வந்த 'கிங் காங்' பொம்மையின் மேல் முயல் ரோமம் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறை தொடும்போதும் ரோமம் கலைந்ததால், திரையில் குரங்கின் உடம்பு முழுக்கக் காற்றடிப்பது போல அலையடித்தது. கோபத்தில் சிலிர்க்கிறது என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பார்கள். பிரிஸ்டலின் ஆர்ட்மன் ஸ்டுடியோ அதற்கும் ஒரு படி மேலே போய், பிளாஸ்டிசின் என்ற செயற்கைக் களிமண் பொம்மைகளில் விரல்ரேகைகளை அப்படியே விட்டுவிட்டது. கை வைத்துச் செய்தது என்று தெரியட்டுமே!

அருங்காட்சியகத்துக்கு வந்தபிறகு பொம்மைக்கு வேறு கவலை தொடங்குகிறது. ஹாரிஹவுசன் காலத்துப் பொம்மைகளின் சதை, நுரை ரப்பர். ரப்பர் மரத்துப் பாலைக் கேக்குக்கு முட்டை அடிப்பது போல நுரைக்க அடித்து, கந்தகம் சேர்த்து, எலும்புக்கூடு வைத்த அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைப்பார்கள். மிருதுவாக, மடக்கினால் மடங்குவதாக இருக்கும். ஆனால் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் அங்கேதான் வந்து கடிக்கும். சில இடங்களில் சங்கிலி அறுந்து பிசுபிசுக்கும், சில இடங்களில் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி விறைத்து நொறுங்கும். நுரை என்பதால் காற்றுப்படும் பரப்பும் அதிகம், எனவே அழிவும் வேகம். பழைய ரப்பர் வளையத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து இழுத்தவர்களுக்கு இது புரியும்.

எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நவீனக் கலைக்கூடத்தில் 2020 அக்டோபரில் தொடங்கிய ஹாரிஹவுசன் நூற்றாண்டுக் கண்காட்சிக்கு வந்தவை இந்த வயதுப் பொம்மைகள். மங்கிய வெளிச்சம், குளிர்ந்த உலர்ந்த காற்று என்று இவற்றுக்குப் பத்தியம் நிறைய. எலும்புக்கு மட்டும் ஆயுள் கெட்டி. அதனால் பழைய பொம்மையை அடுத்த படத்துக்கும் எடுத்துக்கொள்வது உண்டு. அந்த ஏழு எலும்புக்கூடுகளில் ஒன்று 1958இல் வந்த சிந்துபாத் படத்தில் ஏற்கெனவே நடித்தது. பிளாஸ்டிசினில் எண்ணெய் கலந்திருப்பதால் அது உலராது, ஆனால் நெருப்பு அதையும் விடவில்லை: 2005 அக்டோபர் 10 அன்று ஆர்ட்மனின் கிடங்கு எரிந்தபோது முப்பது வருட அரங்குகளும் பொம்மைகளும் ஒரே நாளில் போயின. அவர்களின் புதிய படம் அமெரிக்க வசூலில் முதலிடம் பிடித்த வாரக்கடைசிக்கு மறுநாள் அது.

இந்தக் கலைக்கும் அருங்காட்சியகத்துக்கும் உள்ள உறவு இவற்றுக்கெல்லாம் மூத்தது. லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் லாடிஸ்லாவ் ஸ்டாரெவிச். கலைமான் கொம்பு போலத் தாடை நீண்ட வண்டுகள் இரண்டு மோதிக்கொள்வதைப் படம்பிடிக்க அவருக்கு ஆசை. அவை இரவில் நடமாடும் பூச்சிகள். விளக்கைப் போட்டதுமே அசையாமல் நின்றுவிட்டன. கடைசியில் இறந்த வண்டுகளின் கால்களைக் கழற்றி, கம்பியும் மெழுகும் வைத்துத் திரும்ப ஒட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினார். 1910இல் வண்டுகள் திரையில் சண்டை போட்டன. அடுத்தடுத்து அவர் எடுத்த பூச்சிப் படங்களைப் பார்த்த சிலர், உயிருள்ள பூச்சிகளைத்தான் பழக்கி நடிக்க வைத்திருக்கிறார் என்று நம்பினார்கள்.