எண்ணிப் பார்க்கத்தான் திறந்தோம்

"எண்ணிப் பார்க்கத்தான் திறந்தோம்." தென்னாப்பிரிக்காவின் மெட்ரிக் தேர்வு, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு, முறைகேட்டு விசாரணைகளில் அலுக்காமல் வருகிற பதில் இது. பள்ளி மாறும், மாவட்டம் மாறும், பதில் மாறாது. காலையில் பிரின்சிபல் அறையில் வைத்து வினாத்தாள் பையின் ஓரத்தை வெட்டியிருப்பார்கள். கூட இரண்டு பேர் இருந்திருப்பார்கள். யாரும் படம் எடுக்கவில்லை, யாரும் வெளியே போகவில்லை, எல்லோரும் பல வருடம் அதே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். பிறகு எதற்கு எங்களைக் குற்றவாளி மாதிரி நிறுத்திக் கேட்கிறீர்கள் என்று மனம் நோவார்கள்.

எதற்கு என்று இந்த வருடம் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு தேர்வுப் பருவத்திலும் இதே பதிலைக் கேட்கப் பொறுமை இல்லை.

கண்காணிப்பாளர் பயிற்சிக்குக் கூப்பிட்டாலே முதலில் எழும் முணுமுணுப்பு, "எங்களை நம்பவில்லையா?" என்பதுதான். ஐயா, அம்மா, நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பூட்டும் சீலும் கையெழுத்துப் பதிவேடும் திருடனைப் பிடிக்க மட்டும் வைத்தவை அல்ல. திருடாதவர் "நான் திருடவில்லை" என்று காட்டுவதற்கும் அவைதான் உண்டு. எங்கோ ஒரு தாள் வெளியே போய்விட்டது என்று வதந்தி கிளம்பியதும் முதல் கேள்வி, உங்கள் மையத்தில் பை எப்போது, எங்கே, யார் முன்னால் வெட்டப்பட்டது என்பதுதான். தேர்வர்கள் கண்முன், ஹாலில், இத்தனை மணிக்கு என்று எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிற பள்ளியின் பெயர் அப்போதே பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அறைக்குள் வைத்து எண்ணிப் பார்த்த பள்ளியின் பெயர் நீங்காது. அங்கே இருந்த மூவரும் அரிச்சந்திரர்களாகவே இருக்கட்டும், அதை நிரூபிக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் முடிவு ஜனவரியில் நிறுத்தி வைக்கப்படும்போது, பல்கலைக்கழக இடம் கைநழுவும்போது, நேர்மையானவரின் வார்த்தை மட்டும் போதாது.

அதிலும் அந்த எண்ணிக்கை தேவையே இல்லாதது. எத்தனை தாள் என்று பையின் லேபிளிலேயே இருக்கிறது. ஹாலில் திறந்து ஒன்று குறைந்தால் மாவட்ட அலுவலகத்துக்கு போன் செய்ய வேண்டும், அதற்கும் வழிமுறை உண்டு. ஒரு தாள் குறைந்து பத்து நிமிடம் தவிப்பது தொந்தரவுதான். ஆனால் அந்தத் தொந்தரவை அறிக்கையில் இரண்டு வரியில் எழுதி முடித்துவிடலாம். முன்கூட்டியே வெட்டிய பையை அப்படி எழுதி முடிக்க முடியாது.

கசிவு என்றதும் எல்லோருக்கும் 2020தான் ஞாபகம் வரும். அந்த நவம்பரில் கணிதம் இரண்டாம் தாளும் ஃபிசிக்கல் சயின்ஸ் இரண்டாம் தாளும் தேர்வுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் சுற்றின. நாடு முழுக்க மறுதேர்வு என்று அறிவித்தார்கள். டிசம்பர் 11 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. இதைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, மேலே நடக்கிற விவகாரம், ஸ்கூல் ஸ்டாஃப் என்ன செய்ய முடியும்?" என்று கையை உதறுவார்கள். 2014ஐ மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். நம்முடைய குவாசுலு-நேட்டால் மாகாணத்திலும் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்திலும் கூட்டுக் காப்பி நடந்ததென்று பல மையங்களின் முடிவுகளை அந்த ஆண்டு, தேர்வுத் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பான உமலுசி நிறுத்தி வைத்தது. அது வாட்ஸ்அப்பில் நடந்ததல்ல, கண்காணிப்பாளர் நின்ற அறைக்குள் நடந்தது. திருத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் போகும் என்று யாராவது நினைத்தால், திருத்துமையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். முப்பது பேர் ஒரே சரியான விடை எழுதினால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். முப்பது பேரும் ஐந்தாவது படியில் ஒரே கூட்டல் குறியைக் கழித்தலாக எழுதியிருந்தால் கட்டு தனியே எடுத்து வைக்கப்படும்.

சரி, வேலைக்கு வருவோம்.

காலையில் நோடல் பாயிண்டில், அதாவது பள்ளிகளுக்கு வினாத்தாள் கொடுக்கும் இடத்தில், பையை வாங்கும்போது கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். தேதி, காலையா மாலையா, பாடம், தாள் எண், எந்த மொழிப் பதிப்பு, எண்ணிக்கை, சீல் எண் எல்லாவற்றையும் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். ஒருவரே வாசித்து ஒருவரே தலையாட்டினால் கண் தனக்கு வேண்டியதைத்தான் படிக்கும். வாங்கிய நேரத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு நேராகப் பள்ளிக்குத்தான். வழியில் பெட்ரோல் போடுவதும், பிள்ளையை க்ரெஷில் விடுவதும், பையைக் காரில் வைத்துவிட்டு "ஒரே நிமிஷம்" என்று இறங்குவதும் வேண்டாம்.

ஹாலில் பையை உயர்த்திப் பிடித்து, சீல் உடையாமல் இருப்பதைத் தேர்வர்களுக்குக் காட்டுங்கள். வெட்டும் முன் லேபிளை உரக்கப் படியுங்கள். கூச்சமாக இருக்கும், படியுங்கள். கணிதம் முதல் தாள் வெள்ளிக்கிழமை, இரண்டாம் தாள் திங்கள்கிழமை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை கை தவறி இரண்டாம் தாள் பையை வெட்டிவிட்டால், அந்த வார இறுதி முழுக்க நாடே உங்களைத்தான் திட்டும். அப்படி நேர்ந்துவிட்டால் மறைக்கப் பார்க்காதீர்கள். அந்த நொடியே மூடி ஒட்டி, பார்த்தவர்கள் யார் யார் என்று எழுதி, ஒருவரையும் வெளியே விடாமல் மாவட்டத்துக்கு போன் செய்யுங்கள். டேப் போட்டு ஒட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பீரோவில் வைத்தவர்கள்தான் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள். தவறுக்காக அல்ல, டேப்புக்காக. வெட்டிய பையையும் குப்பையில் போடாதீர்கள், அது சாட்சி.

தாள் கொடுத்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டி எல்லாப் பக்கமும் இருக்கிறதா, அச்சு சரியா என்று முதன்மைக் கண்காணிப்பாளர் தேர்வர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு 10 நிமிடம் படிக்கும் நேரம். அந்த 10 நிமிடத்தில் பேனா மேசையில் இருக்க வேண்டும், விரலில் அல்ல.

முப்பது தேர்வருக்கு ஒரு கண்காணிப்பாளர். இது குறைந்தபட்சம். அந்தப் பாடம் நடத்துகிற ஆசிரியர் அந்தத் தேர்வில் கண்காணிப்பாளராக நிற்கக் கூடாது. இதில்தான் நம் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள்.

தமிழை இரண்டாம் கூடுதல் மொழியாக எடுத்து மெட்ரிக் எழுதும் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கு விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். பள்ளியில் தமிழ் எழுத்து தெரிந்தவர் பெரும்பாலும் ஒரே ஒருவர். அதனால் தேர்வு நாளன்று, "மேடம், இது சரியான பேப்பர்தானா, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள். பாடப் பெயரும் தாள் எண்ணும் தேதியும் லேபிளில் இருக்கின்றன, அவற்றை கால அட்டவணையோடு ஒப்பிடத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அச்சுப் பிழை மாதிரி ஏதாவது தெரிந்தால் முதன்மைக் கண்காணிப்பாளர் மாவட்டத்தைக் கேட்பார். பத்துப் பிள்ளைகள்தானே, எல்லாம் கோயில் வகுப்பில் பார்த்த முகங்கள்தானே என்று நீங்கள் உள்ளே ஒரு சுற்று வந்தால், அன்று நன்றாக எழுதிய பிள்ளையின் மதிப்பெண் மீதும் சந்தேகம் விழும். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, ஹாலுக்கு வெளியே இருப்பது.

தீபாவளியையும் முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அது அரசு விடுமுறை இல்லை, பல வருடங்களில் தேர்வுக்கு நடுவிலேயே வந்து விழுகிறது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பள்ளிகளில் அன்றைக்குப் பாதி ஸ்டாஃப் லீவு. லீவு எடுப்பது அவரவர் உரிமை. ஆனால் காலை எட்டு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து ஹாலில் நிறுத்துவது தற்கொலைக்குச் சமம். மாற்று ஆட்களுக்கும் அதே பயிற்சி, அதே கையெழுத்துப் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு மையத்துக்கும் இரண்டு மூன்று பேராவது கூடுதலாகப் பயிற்சி பெற்றிருக்கட்டும்.

போன். தேர்வருடையது மட்டுமல்ல, உங்களுடையதும். "சைலண்டில்தான் இருந்தது" என்பது பதில் ஆகாது. ஹாலுக்குள் போனே இருக்கக் கூடாது. கால்குலேட்டரின் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், பிட் ஒளித்து வைக்க அது பழைய இடம். கழிப்பறைக்குப் போகிறவருடன் ஒருவர் போக வேண்டும், போன நேரமும் வந்த நேரமும் குறிக்கப்பட வேண்டும். டர்பன் நவம்பர் வெக்கையில் ஃபேனை முழு வேகத்தில் போட்டுவிட்டுத் தாள் பறக்கிறது என்று அலறாதீர்கள். முந்தின நாளே போட்டுப் பார்த்து மேசைகளை அடுக்குங்கள், இடையில் ஒரு மீட்டராவது விட்டு.

யாராவது பிட்டோடு பிடிபட்டால் சினிமா வசனம் வேண்டாம். தேர்வரை வெளியே துரத்தவும் கூடாது. அந்தப் பொருளையும் அதுவரை எழுதிய விடைத்தாளையும் வாங்கி, நேரத்தைக் குறித்து, புது விடைத்தாள் கொடுத்து எழுத விடுங்கள். கூடுதல் நேரம் கிடையாது. முடிந்ததும் தேர்வரிடமும் கண்காணிப்பாளரிடமும் எழுத்தில் வாக்குமூலம் வாங்குங்கள். தண்டனை என்ன என்பதை முறைகேட்டு விசாரணைக் குழு பார்த்துக்கொள்ளும். கோபத்தில் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்ட கண்காணிப்பாளர்கள் உண்டு. ஆதாரத்தையே கிழித்துவிட்டு யாரை விசாரிப்பது?

முறைகேட்டில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது திருட்டு அல்ல, அன்பு. மெட்ரிக்கைவிடச் சின்ன வகுப்புகளின் பொதுத் தேர்வுகளில் இது அதிகம். 2011 முதல் 2014 வரை நடந்த ஆண்டுத் தேசிய மதிப்பீட்டை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே நடத்தினார்கள். மதிப்பெண் பட்டியல் பள்ளியின் மானப் பிரச்சினை ஆகிவிட்ட பிறகு, கை சும்மா இருக்குமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை தப்பான கட்டத்தில் டிக் போடுகிறது. டீச்சர் எதுவும் சொல்லவில்லை, மேசை அருகே நின்று, "இதை இன்னொரு தடவை பார், கண்ணா" என்கிறார். நான்கு விடைகளில் ஒன்று தப்பென்று சொல்லியாகிவிட்டது. பிள்ளை அழித்துவிட்டு டீச்சர் முகத்தைப் பார்க்கும், அடுத்த கட்டத்துக்குப் பென்சில் போகும், முகம் மலரும். கேள்வியை வாசிக்கும்போது சரியான விடையில் குரலை அழுத்துவதும் இதேதான். விரலால் படத்தைத் தட்டுவதும் இதேதான்.

2021 பிர்ல்ஸ் (PIRLS) என்ற சர்வதேச வாசிப்புத் தேர்வில் நம் நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் படித்துப் பொருள் புரியவில்லை என்று வந்தது. கசப்பான எண். ஆனால் வாசிப்பு வகுப்புக்குப் பணமும் ஆளும் கேட்க அந்த எண்தான் கையில் இருக்கிறது. ஒவ்வொரு டீச்சரும் "கண்ணா" போட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது. பிள்ளை கேட்டால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது, உனக்குப் புரிந்தபடி செய்." அதே வார்த்தை, அதே குரல், எல்லாப் பிள்ளைக்கும். பயிற்சியில் இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், முதல் முறை சொல்லும்போது எல்லோருக்குமே தொண்டை அடைக்கும்.

எழுத்தர் வைத்து எழுதும் தேர்வர்களுக்குத் தனி அறை, உரையாடலின் ஒலிப்பதிவு. எழுத்தர் உறவினராகவோ பாட ஆசிரியராகவோ இருக்கக் கூடாது. ரெகார்டரில் சார்ஜ் இருக்கிறதா என்று காலையில் பாருங்கள்.

முடியும் நேரத்தில்தான் கவனம் கலையும். எல்லோருடைய விடைத்தாளும் கைக்கு வரும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. வந்தவர் எண்ணிக்கை, மதிப்பெண் பட்டியலில் வருகை குறித்த எண்ணிக்கை, கையில் இருக்கும் விடைத்தாள் எண்ணிக்கை, மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் கதவு திறக்கலாம். பிள்ளைகள் பஸ் ஏறிய பிறகு ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்து எந்தப் பயனும் இல்லை. பட்டியல் வரிசையில் அடுக்கி, பையில் போட்டு, சீல் எண்ணைக் குறித்து, அன்றே திருப்பிக் கொடுங்கள். மீந்த வினாத்தாளை "ரிவிஷனுக்கு ஆகும்" என்று தேர்வு முடியும் முன் யாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் அக்டோபரில் ஒரு மதியம் விதிப் புத்தகத்தை வாசித்துக் காட்டிப் பயிற்சி முடிந்தது என்று கையெழுத்து வாங்கினால் எதுவும் மண்டையில் ஏறாது. மெட்ரிக்குக்கு முன் பள்ளியில் நடக்கும் ப்ரிலிம்ஸ் தேர்வு இருக்கிறதே, அதையே ஒத்திகை ஆக்குங்கள். பழைய தாள்களைப் பையில் போட்டு சீல் வைத்து, அதில் வேண்டுமென்றே ஒரு கட்டில் தாள் எண்ணை மாற்றி ஒட்டுங்கள். ஒரு விடைத்தாளை ஒளித்து வையுங்கள். லேபிளை உரக்கப் படிக்காமல் கத்தரிக்கோலை எடுத்தவர் யார், எண்ணாமல் கதவைத் திறந்தவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். அவர்களை இன்னொரு முறை பயிற்சிக்கு அனுப்புங்கள். அப்போதும் ஒருவருக்குச் சரியாக வராவிட்டால் நவம்பர் பட்டியலில் அவர் பெயரை எடுத்துவிட்டு மாற்று ஆளின் பெயரைப் போடுங்கள், அவர் பிரின்சிபலாகவே இருந்தாலும்.