கரண்ட் நிற்கும் என்ற பயமும் ஊதிப்போகும் பற்றரியும்

மேசையில் வைத்த லப்டொப் நாலு மூலையும் படாமல் ஆடுகிறது. டச்பாட்டின் கீழ் விளிம்பு ஒரு அரிசிமணி உயரத்துக்கு மேலெழும்பி நிற்கிறது. அழுத்தினால் கிளிக் சத்தம் வரவில்லை. "அண்ணை, டச்பாட் மாத்த எவ்வளவு முடியும்?" என்பதுதான் திருத்தக் கொண்டுவருகிறவரின் முதல் கேள்வி. டச்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. அடி மூடியின் திருகாணிகளைக் கழற்றினால், தலையணை மாதிரி ஊதிக் கிடக்கிறது பற்றரி. "எப்பவும் சார்ஜிலதானே கிடந்தது, பற்றரியில பாவிச்சதே இல்லையே" என்று அவர் ஆச்சரியப்படுவார். ஊதியதற்கான காரணத்தைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் லப்டொப் பற்றரி ஓடித் தேய்ந்து சாவது குறைவு. வெக்கைக்குள், நூறு வீதத்தில், மாதக்கணக்காகச் சும்மா கிடந்து சாவதுதான் கூட. இந்தப் பழக்கத்தைக் குறை சொல்லவும் முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அதற்கு முதல், தொண்ணூறுகளில், ஜாம்போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. "கரண்ட் இருக்கேக்கையே ஏத்தி வை" என்பது இங்கே மூன்று தலைமுறையின் புத்தி. லித்தியம் பற்றரிக்கு மட்டும் அந்தப் புத்தி ஒத்துவராது.

ஏன் என்று பார்ப்போம். பற்றரிக்குள் இருக்கும் லித்தியம் அயன் செல் ஒன்று பெயரளவில் 3.6 அல்லது 3.7 வோல்ட். நிரம்பும்போது 4.2 வோல்ட்டுக்கு ஏறும். இப்போதைய மெல்லிய தட்டைச் செல்கள் சிலவற்றில் 4.4 வரை போகும். அந்த உச்சியில் நிற்கும்போது நேர்முனை, செல்லுக்குள் இருக்கும் இரசாயனக் கரைசலை மெல்லச் சிதைக்கத் தொடங்கும். கரைசல் சிதைந்தால் வாயு. உறை அதை வெளியே விடாது. அதுதான் ஊதல். மறுபக்கம், எதிர்முனைக் கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டு போகும்; லித்தியத்தில் ஒரு பங்கு அதற்குள் அகப்பட்டுவிடும், கொள்ளளவு இறங்கும். இரண்டு வேலையையும் விரைவாக்குவது சூடு.

இந்தத் துறையில் பரவலாகக் காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. 25 பாகை செல்சியஸில், 40 வீத சார்ஜோடு ஒரு வருடம் வைத்த செல்லில் ஏறக்குறைய 96 வீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே செல்லை நிரப்பி வைத்தால் 80. வெப்பநிலை 40 பாகையானால் முதலாவது 85 ஆகும், இரண்டாவது 65 ஆகும். செல்லுக்குச் செல் எண் மாறலாம், போக்கு மாறாது. எங்கள் ஊரில் பகல் வெப்பநிலை வருடத்தில் பெரும்பகுதி 30 பாகைக்குக் குறையாது. ஓடிக்கொண்டிருக்கும் லப்டொப்பின் வயிற்றுக்குள் இன்னும் பத்துப் பாகை சேரும். அதாவது நாங்கள் குடியிருப்பது அந்தக் கணக்கின் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில்.

ஆகவே முதல் வேலை, 80 வீதத்தோடு நிறுத்துவது. இதற்குக் காவல் இருக்கத் தேவையில்லை, லப்டொப்பே செய்யும். லெனோவோவில் வான்டேஜ் செயலிக்குள் 'கன்சர்வேஷன் மோட்'. ஏசுஸில் மைஏசுஸுக்குள் 'பற்றரி ஹெல்த் சார்ஜிங்'. ஏசரில் கேர் சென்ரருக்குள் சார்ஜ் எல்லை. டெல்லில் தொடங்கும்போது எஃப் 2 விசையைத் தட்டி பயோஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய், 'கஸ்டம்' என்பதைத் தெரிந்து, தொடக்கம் 50, நிறுத்தம் 80 என்று போடலாம். எச்பியில் பல மொடல்களில் எஃப் 10 விசை, 'பற்றரி ஹெல்த் மனேஜர்'. மக்புக் இதைப் பெரும்பாலும் தானாகவே பார்த்துக்கொள்ளும். இப்படி ஒன்றும் இல்லாத பழைய லப்டொப் என்றால், 80 அளவில் பிளக்கைக் கழற்றி 30, 40 அளவில் திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு நாளும் சரியாக வராது, வந்த அளவுக்கு லாபம்.

"அப்ப கரண்ட் நிண்டால்?" என்ற கேள்வி வரும். சாதாரண 41 வாட்-அவர் (41 வாட்டை ஒரு மணித்தியாலம் தரக்கூடிய) பற்றரியில் 80 வீதம் என்றால் ஏறக்குறைய 33 வாட்-அவர். எழுத்து வேலை, இணையம், குறைந்த திரை வெளிச்சம் என்றால் லப்டொப் 8 முதல் 10 வாட் வரை தின்னும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். முன்கூட்டியே அறிவித்த மின்தடை நாள் என்றால் முதல் நாள் இரவு எல்லையை எடுத்துவிட்டு நூறுக்கு ஏற்றுங்கள். ஒரு நாள் நிரப்புவதால் ஒன்றும் ஆகாது. முந்நூறு நாள் நிரப்பியபடி கிடப்பதுதான் கேடு.

அடுத்தது சூடு. மெத்தையில், தலையணையில், மடியில் போர்வைக்கு மேல் வைத்தால் அடியில் உள்ள காற்று வாய் அடைபடும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் புழுதி காற்றாடியின் இறகுக்கும் செப்பு வெப்பத்தட்டுக்கும் இடையில் பஞ்சு மாதிரிப் படிந்திருக்கும். அப்படி அடைத்த லப்டொப் சும்மா திறந்து வைத்தாலே இரையும். வருடத்துக்கு ஒருக்கா துப்புரவாக்க வேண்டும். புழுதி போகக் காற்றடிக்கும்போது இறகை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி அச்சு பழுதாகும். தகரக் கூரை அறையில் மத்தியானம் இரண்டு மணிக்கு கேம் விளையாடிக்கொண்டே சார்ஜ் ஏற்றுவது மூன்று சூட்டையும் ஒன்றாகச் சேர்ப்பது. வெயிலில் நிறுத்திய வானுக்குள் லப்டொப் பையை விட்டுவிட்டு நல்லூரில் திருவிழா பார்க்கப் போவதும் அதே வகைதான். கண்ணாடி மூடிய வாகனத்தின் உள்ளே 50 பாகையைத் தாண்டும்.

கீழ் எல்லையிலும் ஒரு பிரச்சினை இருக்கிறது. அதை ஆட்கள் அதிகம் கவனிப்பதில்லை. லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த லப்டொப், பிள்ளை ஓ.எல். பரீட்சை எடுத்த பிறகு தரலாம் என்று அலுமாரிக்குள் இரண்டு வருடம் கிடக்கும். பற்றரி தன்பாட்டில் இறங்கும். பற்றரியைக் காக்க உள்ளே இருக்கும் மின்சுற்றும், அதாவது காவல் சுற்றும், கொஞ்சம் குடிக்கும். செல் 2.5 வோல்ட் அளவான கீழ் எல்லையையும் தாண்டி மிகவும் கீழே போய் அங்கேயே கிடந்தால், எதிர்முனையின் செப்புத் தாள் கரைசலில் கரையத் தொடங்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு வேறிடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆக வழி பண்ணும். அதனால்தான் காவல் சுற்று சார்ஜ் ஏற்ற மறுக்கிறது. வெளியே இருந்து நேராகக் கரண்ட் கொடுத்து "எழுப்பித் தாறன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எழும்பும், எத்தனை நாளைக்கு, எந்த விதமாக அடங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எடுத்து வைக்க வேண்டிய லப்டொப்பை 50, 60 வீதத்தில், ஸ்லீப்பில் போடாமல் முற்றாக நிறுத்தி, குளிர்மையான இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருக்கா திறந்து பாருங்கள்.

புது லப்டொப்பை முதல் நாள் எட்டு மணித்தியாலம் சார்ஜில் போடுவது, மாதம் ஒருக்கா பூச்சியத்துக்கு இறக்குவது எல்லாம் பழைய நிக்கல் கட்மியம் பற்றரியின் காலத்துப் பேச்சு. விட்டுவிடலாம். ஒரு விதிவிலக்கு: 30 வீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று அணைந்தால், அளவுகாட்டி தடம் மாறியிருக்கலாம். ஒருக்கா நூறுக்கு ஏற்றி, இரண்டு மணித்தியாலம் விட்டு, பிறகு தானாக உறங்கும்வரை பாவித்து, திரும்ப நிரப்புங்கள். இது அளவுகாட்டியைத் திருத்தும், பற்றரியைத் திருத்தாது. அதற்குப் பிறகும் விழுந்தால் ஒரு செல் சோர்ந்துவிட்டது.

பற்றரியின் நிலையை அறிய யாரிடமும் போகத் தேவையில்லை. விண்டோஸில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையான கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறவுங்கள். ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'பற்றரி', 'ரிப்போர்ட்' இரண்டையும் ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று திரையே சொல்லும். அதில் மூன்று வரி போதும். 'டிசைன் கபாசிட்டி' 41,040 என்றும் 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி' 29,300 என்றும் இருந்தால் மிஞ்சியது 71 வீதம். மூன்றாவது 'சைக்கிள் கவுண்ட்'. 50 வீதம் இரண்டு தரம் பாவித்தால் ஒரு சைக்கிள். பிளக் போடும் தடவைகளை அது எண்ணுவதில்லை. சைக்கிள் 500, மிச்சம் 71 என்றால் அது உழைத்துத் தேய்ந்த பற்றரி, நியாயமான கணக்கு. சைக்கிள் 60, மிச்சம் 71 என்றால் சூட்டிலும் நிரப்பலிலும் வெந்தது. பழைய லப்டொப் வேண்டப் போகிறவர்கள் விலை பேசும் முன் இதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே பற்றரியைப் பழி சொல்லவும் வேண்டாம். டெல், எச்பி சார்ஜர்களின் முனைக்கு நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். இது எத்தனை வாட் சார்ஜர் என்று லப்டொப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ, வயர் உள்ளே அறுந்தாலோ, லப்டொப் ஓடும், பற்றரி ஏறாது. இன்னொரு சார்ஜரை மாட்டிப் பாருங்கள். வாட் அதே அளவோ கூடவோ இருக்கலாம், வோல்ட் மாறக்கூடாது: எச்பி 65 வாட் பெரும்பாலும் 19.5 வோல்ட், லெனோவோ 20, பழைய ஏசர் 19. இரவில் வோல்ட் இறங்கி பல்ப் மங்கினாலும் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழக்கம் கேட்டால் மட்டும் பிளக்கைச் சுவரில் இருந்தே கழற்றிவிடுங்கள்.

மாற்றுப் பற்றரி வேண்டும்போது மில்லி அம்பியர்-அவர் எண்ணில் மயங்காதீர்கள். ஒன்றில் 5400, மற்றதில் 3600 என்று எழுதியிருக்கும். முதலாவது 7.6 வோல்ட், இரண்டாவது 11.4 வோல்ட் என்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், இரண்டுமே 41 வாட்-அவர்தான். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடவும் முடியாது. பற்றரியின் பாக இலக்கமும் வோல்ட்டும் அப்படியே பொருந்த வேண்டும். தயாரித்த திகதியையும் பாருங்கள், கடைத் தட்டில் மூன்று வருடம் கிடந்த 'புதுப்' பற்றரி புதிதல்ல. வெளிநாட்டில் இருந்து வருகிறவரிடம் சொல்லி எடுப்பிக்கிறீர்கள் என்றால், உதிரிப் பற்றரியைக் கையோடு கொண்டுவரும் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். பெரிய பயணப்பெட்டிக்குள் போடக்கூடாது. 100 வாட்-அவருக்கு உட்பட்டது கைப்பையில் வரலாம், முனைகளை மூடி ஒட்டியிருக்க வேண்டும்.

இனி அந்த ஊதிய பற்றரிக்கு வருவோம். "அண்ணை, இன்னும் ஒரு ஆறு மாசம் ஓடுமோ?" ஓடாது, ஓட்டவும் கூடாது. கண்டவுடன் சார்ஜரைக் கழற்றி லப்டொப்பை நிறுத்துங்கள். கையால் அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை இறக்கப் பார்க்காதீர்கள். உள்ளே இரண்டு முனையையும் பிரிப்பது கடதாசியைவிட மெல்லிய ஒரு தாள், அது கிழிந்தால் நெருப்பு. மூடியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து எடுப்பியுங்கள். புகை வந்தால் பிளக்கை நீக்கி, சன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கக்கூடாது. அணுகக்கூடிய அளவு என்றால் தள்ளி நின்று கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுங்கள். மண் போட்டால் நெருப்பு மறையும், சூடு உள்ளேயே நிற்கும், அடுத்த செல் பற்றும். தண்ணீர்தான் செல்லைக் குளிரவைக்கும்.

கழற்றிய பற்றரியின் இணைப்பு முனையை ஒட்டு ரேப்பால் சுற்றி, வீட்டுக்கு வெளியே நிழலான இடத்தில், எரியக்கூடிய சாமான் இல்லாமல் வைத்து, பழசை எடுக்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பின்வளவில் பின்னேரத்தில் சருகும் பொலித்தீனும் கூட்டிக் கொளுத்தும்போது அந்தக் குவியலுக்குள் அது போய்விடக்கூடாது.