304 என்ற பதிலும் ராய் ஃபீல்டிங்கும்

1994-ல் ராய் ஃபீல்டிங் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் ஆராய்ச்சி மாணவர். இணையப் பக்கங்களில் அறுந்துபோன இணைப்புகளைத் தேடிப் பிடிக்க மாம்ஸ்பைடர் என்றொரு நிரல் எழுதினார். ஒரு பக்கம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அதை முழுவதுமாக இறக்குவானேன்? பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியில் 'ஹெட்' என்றொரு கோரிக்கை உண்டு. அதற்கு சர்வர் ஹெடர்களை, அதாவது பக்கத்தைப் பற்றிய குறிப்பு வரிகளை, மட்டும் அனுப்பும், உள்ளடக்கத்தை அனுப்பாது. இணைப்பைச் சோதிக்க அது போதும். அனுப்பத் தேவையில்லாததை அனுப்பாமல் இருப்பது எப்படி என்பதுதான் அதன்பிறகு அவர் செய்த பெரும்பாலான வேலைக்கும் அடித்தளம்.

அன்று புழக்கத்தில் இருந்த எச்டிடிபி 1.0 ஊதாரித்தனமானது. ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஒரு டிசிபி இணைப்பு (இரு கணினிகளுக்கிடையே தகவல் போய்வரும் தடம்) திறக்கும், கோப்பு வந்ததும் மூடும். 10 படங்கள் உள்ள பக்கத்துக்கு 11 இணைப்புகள். சர்வருக்குப் போய்வர 200 மில்லிசெகண்ட் ஆகிறதென்றால், இணைப்பை ஏற்படுத்தும் 'கைகுலுக்கலுக்கு' ஒரு 200, கோரிக்கைக்கும் பதிலுக்கும் இன்னொரு 200. போதாக்குறைக்கு, டிசிபி ஒவ்வொரு புது இணைப்பையும் மெதுவாகத்தான் தொடங்கும். அது வேகம் பிடிப்பதற்குள் சின்னப் படம் வந்து சேர்ந்து, இணைப்பும் மூடப்பட்டுவிடும்.

இன்னொரு கோளாறு முகவரியில் இருந்தது. கோரிக்கையில் கோப்பின் பாதை மட்டுமே போகும், தளத்தின் பெயர் போகாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் பெயரை எழுதிவிட்டு வீட்டு எண்ணை விட்டுவிட்ட கடிதம் மாதிரி. ஒரே கணினியில் பத்துத் தளங்களை வைத்தால் எது கேட்கப்படுகிறது என்று சர்வருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி வேண்டியிருந்தது.

1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 இரண்டையும் சரிசெய்தது. ஃபீல்டிங் அதன் முதன்மை ஆசிரியர். இணைப்பு திறந்தே இருக்கும். மூட வேண்டுமென்றால்தான் சொல்ல வேண்டும். 'ஹோஸ்ட்' ஹெடரில் தளத்தின் பெயர் கட்டாயம். இல்லாவிட்டால் 400 என்ற பிழை திரும்பும். இன்று மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஓட முடிவதற்கு இந்த ஒரு வரியும் காரணம்.

ஆனால் 1.1-ல் மிக நுட்பமான பகுதி தற்காலிகச் சேமிப்பு, அதாவது கேஷ். 200 கிலோபைட் படமொன்றை முதன்முறை கேட்கும்போது சர்வர் அதனுடன் 'ஈடேக்' என்ற அடையாளச் சரத்தையும் தருகிறது. மறுமுறை அதே படம் தேவைப்பட்டால் பிரௌசர் அந்தச் சரத்தைத் திருப்பி அனுப்பி, "இது மாறியிருந்தால் மட்டும் கொடு" என்கிறது. மாறவில்லையென்றால், அதைச் சொல்லும் 304 என்ற எண்ணோடு சில நூறு பைட்டுகள் வரும், அவ்வளவுதான். கடைசியாக மாறிய நேரத்தை வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் அந்த நேரம் நொடிக் கணக்கில்தான் எழுதப்படும். ஒரே நொடிக்குள் கோப்பு இருமுறை மாறினால் ஏமாற்றிவிடும்.

நடைமுறையில் இது எங்கே சறுக்கும்? ஃபீல்டிங் தோற்றுவித்தோரில் ஒருவராக இருந்த அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளிலேயே உதாரணம் இருக்கிறது. 2.4-க்கு முந்தைய பதிப்புகள் ஈடேக் உருவாக்க, கோப்பின் அளவு, மாறிய நேரம் ஆகியவற்றோடு வட்டில் கோப்பை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணையும் சேர்த்துக்கொண்டன. ஒரு சர்வர் என்றால் சிக்கலில்லை. இரண்டு சர்வர்களில் ஒரே கோப்பை நகலெடுத்து வைத்து, முன்னால் கோரிக்கைகளைப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சரும் போட்டால், ஐநோட் எண் இரண்டிலும் வேறு வேறு. முதல் சர்வர் தந்த ஈடேக் இரண்டாவதில் பொருந்தாது. படம் முழுசாக மறுபடி இறங்கும். தளம் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஐநோட்டை நீக்கினால் தீர்ந்தது. ஆனால் நகலெடுக்கும்போது கோப்பின் நேரமும் மாறாமல் போக வேண்டும், இல்லாவிட்டால் பழைய கதைதான்.

கேஷ் கட்டளைகளில் பலரும் தடுக்கி விழும் இடம் 'நோ-கேஷ்'. சேமிக்காதே என்று அது சொல்வதில்லை; சேமித்துக்கொள், பயன்படுத்துமுன் கேள் என்கிறது. சேமிக்கவே கூடாத வங்கிக் கணக்குப் பக்கத்துக்கு 'நோ-ஸ்டோர்' வேண்டும்.

இந்த விதிகளுக்கு அடியில் இருந்த வடிவமைப்புச் சிந்தனையை ஃபீல்டிங் தன் 2000-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் ரெஸ்ட் என்ற பெயரில் விளக்கினார். ஒவ்வொரு கோரிக்கையும் தனக்கு வேண்டிய தகவல் முழுவதையும் தானே சுமந்து வர வேண்டும். அப்போதுதான் எந்த சர்வரும் அதற்குப் பதில் சொல்ல முடியும், இடையில் உள்ள கேஷும் குறுக்கே வந்து உதவ முடியும். பயனரை நினைவில் வைக்க தளங்கள் பிரௌசரில் போட்டுவைக்கும் குக்கீகள் இந்த ஒழுங்கைக் கெடுக்கின்றன என்று அதே ஏட்டில் குறை சொல்லியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை.

பக்கத்தைக் கேட்டு வாங்கும் 'கெட்' கோரிக்கை எதையும் மாற்றக்கூடாது என்பதும் வெறும் சம்பிரதாயமல்ல. 2005-ல் கூகுளின் வெப் ஆக்சிலரேட்டர் என்ற வேகமூட்டும் மென்பொருள், பக்கத்தில் கண்ட இணைப்புகளை முன்கூட்டியே எடுத்துவைத்தது. 'அழி' என்பதைச் சாதாரண இணைப்பாக வைத்திருந்த செயலிகளில் பயனர்களின் தகவல்கள் தாமாகவே அழிந்தன. ஆக்சிலரேட்டர் விதிப்படிதான் நடந்தது; தவறு செயலிகளுடையது.

2022 ஜூனில் எச்டிடிபியின் விதிகள் திருத்தி எழுதப்பட்டன. சொற்பொருள் ஓர் ஆவணம், கேஷ் இன்னொன்று, 1.1-ன் செய்தி வடிவம் வேறொன்று. மூன்றின் ஆசிரியர் வரிசையிலும் ஃபீல்டிங் பெயர் உண்டு. எச்டிடிபி 2, 3 ஆகியவை செய்தியை இரும வடிவில் அனுப்புகின்றன, 3 டிசிபியையே கைவிட்டுவிட்டது. 304-க்கும் ஈடேக்குக்கும் அவற்றிலும் அதே பொருள்தான்.