ஆயில் சீலை மாற்றும் முன் ப்ரீதரைப் பாருங்கள்

கியர்பாக்ஸில் எண்ணெய் கசிந்தால் பெரும்பாலான ஆலைகளில் உடனே ஆயில் சீலை, அதாவது சுழலும் தண்டான ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றிவிடுவார்கள். புது சீல் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் அதே இடத்தில் மறுபடி சொட்டும், "சீல் டூப்ளிகேட் சார்" என்று பழி கடைக்காரர் மேல் போகும். பெட்டியின் தலையில், காற்று போய்வர விரல் பருமனில் ஒரு ப்ரீதர் இருக்குமே, அதை யாராவது கழற்றிப் பார்த்தார்களா?

பெட்டிக்குள் ஏறத்தாழ பாதி எண்ணெய், மீதி காற்று என்று வைத்துக்கொள்வோம். காலையில் 30 டிகிரியில் ஓடத் தொடங்கி மதியம் 80 டிகிரிக்கு ஏறும்போது காற்று விரிகிறது, எண்ணெயும் 3 சதவீதத்துக்கு மேல் பெருத்துக் காற்றின் இடத்தைப் பிடிக்கிறது. ப்ரீதர் திறந்திருந்தால் அதிகப்படியான காற்று வெளியே போய்விடும். அடைத்திருந்தால் உள்ளே கிட்டத்தட்ட 0.2 பார் அழுத்தம் ஏறும். சின்ன எண்தான், ஆனால் 50க்கு 40 செ.மீ. மேல்மூடியை அது ஏறத்தாழ 400 கிலோ விசையோடு தள்ளுகிறது.

சீலின் ரப்பர் உதடு ஷாஃப்டைத் தொட்டும் தொடாமலும், நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடு ஓட வேண்டியது. அழுத்தம் வந்தால் உதடு ஷாஃப்டோடு அமுங்கும், படலம் போய்விடும், ரப்பர் சூடேறி இறுகி விரிசல் விடும், ஷாஃப்டிலும் வளையமாகப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் மேலேயே புது சீலை உட்கார வைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? 2, 3 மி.மீ. தள்ளி அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்டுக்கு மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும்.

இரவில் மெஷின் நின்று பெட்டி ஆறும்போது கதை தலைகீழ். உள்ளே அழுத்தம் குறைந்து, சீல் வழியாகவே வெளிக்காற்றை இழுக்கும், கூடவே சிமென்ட் ஆலையில் தூசியும் ரைஸ் மில்லில் தவிட்டுப் பொடியும் கழுவிவிட்ட தண்ணீரும் உள்ளே போகும். எண்ணெய் மட்டம் பார்க்கும் லெவல் கிளாஸில் எண்ணெய் பால் கலந்த மாதிரி தெரிந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

ப்ரீதரை அடைப்பது தூசி மட்டும் என்று நினைக்காதீர்கள், ஆடிட் வருகிறது என்று பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது அதையும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் இதே வேலையைச் செய்யும், பற்கள் எண்ணெயைக் கடைந்து நுரையும் சூடும் கிளப்பும்.

கசிவு எங்கே என்று தேடும்போது சொட்டும் இடத்தை நம்பாதீர்கள், எண்ணெய் எங்கோ கிளம்பி பெட்டியின் உடம்பில் வழிந்து இன்னொரு இடத்தில் சொட்டும். மெஷினை நிறுத்தி, பவரைப் பூட்டி, பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைத்து டால்கம் பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி நிறுத்திப் பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் எது உச்சியில் இருக்கிறதோ பெரும்பாலும் அதுதான் மூலம்.

"சொட்டுச் சொட்டாகத்தானே சார்" என்பார்கள். 10 விநாடிக்கு ஒரு சொட்டு என்றால், 20 சொட்டுக்கு ஒரு மி.லி. என்ற கணக்கில், நாளைக்கு 430 மி.லி. போகும். 5 லிட்டர் பெட்டி 2 வாரத்துக்குள் காலி, பற்களும் பேரிங்கும் அதற்கு முன்பே காய ஆரம்பித்துவிடும். எண்ணெய் மாற்றும்போது, அதை வடிக்கும் துளையை மூடும் ட்ரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதையும் விரலால் தடவிப் பாருங்கள்: மை மாதிரி நைசான படிவு என்றால் சாதாரணத் தேய்மானம், நகத்தில் சிக்கும் அளவுக்குச் சில்லு வந்தால் மூடியைத் திறந்து பார்க்காமல் மறுபடி ஓட்ட வேண்டாம்.