எடை குறைப்பு அறுவை: அரசாங்க ஆஸ்பத்திரியில் பணம் எங்கே கேட்பார்கள்?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 112 கிலோ. ஒன்பது மாதம் அலைந்த பிறகு ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இரைப்பைச் சுருக்க அறுவைக்கு நாள் குறித்தார்கள். நான்கு நாளைக்கு முன்னால் போன் வந்தது: "ஸ்டேப்ளருக்குப் பணம் கட்டியாச்சா?" அதுவரை அந்தச் சொல்லை ஒருவர்கூட அவரிடம் சொன்னதில்லை. பணம் புரளவில்லை, நாள் போயிற்று.

இந்த அறுவையில் இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுக்கிறார்கள். வெட்டுவதும் தைப்பதும் ஸ்டேப்ளர் என்ற ஒரே கருவி. அதில் ஒருமுறை போட்டால் தூக்கி எறியும், தையல் ஊசி அடங்கிய கேட்ரிட்ஜ்கள் ஓர் ஆளுக்கு ஐந்தாறு வேண்டும். மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளிதான் (ரிங்கிட்). ஆனால் இந்தக் கருவியை நோயாளியே வாங்கச் சொல்லும் இடங்கள் உண்டு. அது ஆயிரக்கணக்கில் போகும். அதனால் சர்ஜனை முதலில் பார்க்கும் அன்றே கேளுங்கள்: நான் வாங்க வேண்டிய பொருள் எது, மொத்தம் எவ்வளவு? வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்ட முடியாதவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது. பலகையில் 'ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்று இருக்கும். நேராகப் போனால் திருப்பி அனுப்புவார்கள், டாக்டர் கடிதம் வேண்டும். ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு அறிக்கை, அரசாங்கத்தின் எஸ்டிஆர் ரொக்க உதவி கிடைத்தால் அதன் சான்று, எல்லாவற்றையும் நகலோடு கொண்டுபோங்கள். ஒரு தாள் குறைந்தால் இன்னொரு நாள் லீவு. கடன் வாங்கிக் கட்டிவிட்டு அப்புறம் கேட்டால் பெரும்பாலும் கை விரிப்பார்கள். ஈபிஎஃப்பில் 2024 மே முதல் இருக்கும் நெகிழ்வுக் கணக்கிலிருந்து காரணம் காட்டாமல் பணம் எடுக்கலாம். அதில் எவ்வளவு இருக்கிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்க சுகாதார கிளினிக். அங்கிருந்து கடிதத்தோடு போனால் ஸ்பெஷலிஸ்டை முதல்முறை பார்க்கக் கட்டணமில்லை. தனியார் டாக்டர் கடிதம் என்றால் 30 வெள்ளி. காசைவிட முக்கியம், உங்கள் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்த அழுத்தக் கணக்கு வருடக்கணக்கில் அங்கே இருப்பது. 'உடல் பருமன்' என்ற ஒற்றைச் சொல்லோடு போகும் கடிதம் வரிசையின் கடைசிக்குத்தான் போகும். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு), இனிப்பு நீர், தூக்கத்தில் மூச்சுத் திணறல், மூட்டு வலி எல்லாம் எழுதச் சொல்லுங்கள். 2022 சர்வதேச வழிகாட்டி பிஎம்ஐ 35 இருந்தாலே அறுவைக்குத் தகுதி என்கிறது. இனிப்பு நீர் போன்ற நோய் இருந்தால் 30 போதும். ஆசியர்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்றும் சொல்கிறது. வழிகாட்டியில் இருக்கிறதே என்று அந்த 27.5-ஐ மட்டும் நம்பிக் கவுண்டருக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று: அறுவைக்கு முன் எடை குறைக்கச் சொல்வார்கள். குறைத்தால் தகுதி போய்விடுமோ என்று பயந்து சிலர் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பாவம். முதல் நாள் எடையும் உயரமும் அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, டயட்டிஷியன் சொன்னபடி செய்யுங்கள். இரைப்பையை மறைக்கும் ஈரல் சுருங்கினால்தான் சர்ஜனுக்கு வழி தெரியும். அந்த டயட்டிஷியன் சந்திப்பை ஒருமுறை தவறவிட்டாலும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டி வரலாம்.

மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் செராஸில் உள்ள யூகேஎம் ஆஸ்பத்திரியிலும் கட்டண முறை வேறு. இரண்டிலும் தனியார் பிரிவும் இருக்கிறது. எந்தக் கவுண்டரில் பெயர் பதிகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பில் பல மடங்கு மாறும். மெடிக்கல் கார்டு (தனியார் மருத்துவக் காப்புறுதி) இருக்கிறதே என்பவர்கள், அது எதற்கெல்லாம் பணம் தராது என்ற விலக்குப் பட்டியலைப் படியுங்கள். எடை குறைப்பு அதில் இருப்பதுதான் வழக்கம்.

அக்காவுக்குச் சமூகப்பணிப் பிரிவு வழியாக உதவி கிடைத்து, நான்கு மாதம் கழித்து அறுவை முடிந்தது. இப்போது வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுசுக்கும். அதில் ஆஸ்பத்திரி மருந்தகம் எதைத் தரும், எதை வெளியே வாங்க வேண்டும் என்பதையும் வார்டை விட்டு வரும் முன்பே கேட்டு வாங்கியிருக்கிறார்.